புது 4×4 வண்டிக்கு முதலில் என்ன மாட்டலாம்?

பெங்களூரில் இப்போது எந்த அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் இறங்கினாலும் ஒரு மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ நிற்கிறது. 2020 அக்டோபரில் இரண்டாம் தலைமுறை தார் வந்தபோது பிடித்த மோகம். 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி, 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸ் என்று மேலும் பெருகிவிட்டது. வாங்கியவர்களில் நம்மவர்களும் நிறையப் பேர். வார நாட்களில் அவுட்டர் ரிங் ரோடு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிருஷ்ணகிரி, சேலம் வழியாகச் சொந்த ஊர், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்லேஷ்பூர் சேறு. மூன்றுக்கும் ஒரே வண்டிதான். எதை மாட்டுவது என்று யோசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வண்டியை உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால், "அண்ணா, ரெண்டு இன்ச் லிஃப்ட், பெரிய டயர், முன்னாடி ஸ்டீல் பம்பர், மேலே லைட் பார்… வண்டி கெத்தா இருக்கும்" என்பார்கள். கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அது ஃபோட்டோவில் தெரியும் சாமான்களின் வரிசை. சேற்றில் புதைந்த வண்டியை வெளியே கொண்டுவரும் சாமான்களின் வரிசை கிட்டத்தட்ட அதற்குத் தலைகீழ். இங்கே சொல்லப்போவது இரண்டாவது வரிசையை.

காசு செலவழிப்பதற்கு முன்னால்

முதல் சில மாதங்கள் வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓட்டுங்கள். இன்றைய 4×4 வண்டிகள் ஸ்டாக்காகவே நிறையச் செய்யும். செய்யவைக்கத்தான் நமக்குப் பழக்கம் வேண்டும்.

இடது, வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலையே எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. இதைச் சமாளிக்க, சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும் எலக்ட்ரானிக் ஏற்பாடு ஜிம்னியில் இருக்கிறது. தாரிலும் உண்டு, சில வகைகளில் பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கரும் உண்டு. ஃபோர்ஸ் கூர்காவில் முன், பின் இரண்டையும் டிரைவரே பூட்டலாம். இந்த பிரேக் வகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சக்கரம் சுழல்கிறதே என்று பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது வேலையே செய்யாது. ஃபோர் லோவில் (வேகம் குறைவு, இழுவை அதிகம்) போட்டு, காலை ஆட்டாமல் மிதமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அடியில் கடகடவென்று சத்தம் வரும், ஓரிரு நொடியில் வண்டி மெல்ல ஏறும். இது தெரியாமல் "லாக்கர் போடணும்" என்று கடைக்குப் போனவர்கள் உண்டு.

இன்னொன்று: இந்த வண்டிகளின் 4×4 பார்ட்-டைம் வகை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையில் (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை) ஓட்டக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்திருப்பதால், திருப்பத்தில் இரண்டுக்கும் இடையே வரும் வேக வித்தியாசம் போக வழியில்லாமல் இழுவையை இரண்டு அச்சுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்ஸிலும் அடி வாங்கும்.

அனுபவசாலிகள் நடத்தும் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வாருங்கள். அங்கே நிச்சயம் எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். அப்போது எப்படி மாட்டினீர்கள் என்று கவனியுங்கள். சக்கரம் வழுக்கி நின்றதா? மேட்டின் உச்சியில் வயிறு தட்டித் தொங்கியதா? ஏறும்போது முன் பம்பர் இடித்ததா? பழுதுக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. வழுக்கினால் காற்றும் டயரும், வயிறு தட்டினால் அடியைக் காக்கும் தகடான ஸ்கிட் பிளேட்டும் கொஞ்சம் உயரமும், பம்பர் இடித்தால் பம்பர். மாட்டாத இடத்துக்கு மருந்து வாங்க வேண்டாம்.

எங்கே ஓட்டுவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராமநகரம் பாறைகளைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். ஆனால் ராமதேவர பெட்டா 2012-லிருந்து பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம். முத்தத்தி பக்கம் காவிரி வனவிலங்குச் சரணாலயம். காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் வண்டியை இறக்கினால் வனத்துறை வழக்குப் போடும், வண்டியையும் எடுத்துக்கொண்டு போகலாம். உரிமையாளர் சம்மதித்த தனியார் எஸ்டேட், தோட்டம், பயிற்சித் தடம், இவை போதும்.

1. காற்று

என்னைக் கேட்டால் முதல் செலவு இதற்குத்தான்: ஒரு பிரஷர் கேஜ், காற்றை இறக்க ஒரு டிஃப்ளேட்டர், திரும்ப ஏற்ற ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர். இவற்றை மாட்டிக்கொண்டு படம் போட முடியாது என்பதால்தானோ என்னவோ, யாரும் முதலில் வாங்குவதில்லை.

டயரில் காற்றைக் குறைத்தால் அது தரையில் நீளவாக்கில் படரும். தரையைத் தொடும் பரப்பு கூடும், ரப்பர் வளைந்து கல்லைக் கவ்வும், மண்ணைத் தோண்டாமல் மேலே மிதந்து போகும். ரோட்டுக்கான பிரஷர் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அதிலிருந்து இறக்கி, பாறைக்கும் சேற்றுக்கும் 18 முதல் 22 பிஎஸ்ஐ, ஆழமான மணலுக்கு 15 அல்லது 16 வரை போகலாம். அதற்கும் கீழே போனால், திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டியூப்லெஸ் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. காற்று குறைந்த டயரில் வேகம் 30, 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. திரும்பிப் போகத் தார் ரோட்டைத் தொடும் இடத்திலேயே நிறுத்திக் காற்றை ஏற்றுங்கள். "பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கெட்டுப்போகும்.

கம்ப்ரஸர் வாங்கும்போது பாட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையைப் பாருங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். 15 என்றாலும் 180 வாட்டுக்கு மேல் அது தாங்காது. அதில் மாட்டும் குட்டி கம்ப்ரஸர் ஒரு பஞ்சருக்குச் சரி; நான்கு பெரிய டயரை 18-லிருந்து 30-க்கு ஏற்றச் சொன்னால் பாதியில் சூடாகிப் படுத்துவிடும். காற்று ஏற்றும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

2. வெளியே இழுக்கும் சாமான்கள்

இந்த விஷயத்தில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். ஆஃப்-ரோடில் இழுக்கும்போது தெறித்து வரும் இரும்பு ஆளையே கொன்றுவிடும்.

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, இழுக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேசிஸோடு கனமான போல்ட்டில் இணைந்திருப்பதுதான் இழுக்க உகந்தது. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகக் கொடுத்திருக்கும் மெல்லிய வளையங்களும் சில வண்டிகளில் இருக்கும்; அவற்றில் கயிற்றை மாட்டினால் பிய்ந்து வரும். வித்தியாசம் ஓனர் மேனுவலில் இருக்கிறது. டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில், அதாவது டோ பாலில், எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றை மாட்டாதீர்கள். அது வெடுக்கென்ற இழுப்புக்குச் செய்ததல்ல. உடைந்தால் பீரங்கிக் குண்டுதான்.

கயிற்றில் இரண்டு வகை. பாலியெஸ்டர் பட்டை நீளாது. பழுதான வண்டியை மெதுவாக இழுத்துப்போக அது. புதைந்த வண்டியைப் பிடுங்க நைலானில் பின்னிய கைனடிக் ரோப் வேண்டும். அது ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீண்டு, திரும்பச் சுருங்கும்போது வண்டியை உருவி எடுக்கும். பாலியெஸ்டர் பட்டையில் வெடுக்கென்று இழுத்தால் அந்த அடி முழுவதும் கொக்கியிலும் சேசிஸிலும் இறங்கும். ரோப்பின் உடையும் பலம் வண்டியின் மொத்த எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். முனையில் இரும்புக் கொக்கி தைத்த பட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கயிற்றையும் கொக்கியையும் இணைக்க, கயிற்றாலேயே பின்னிய வளையமான சாஃப்ட் ஷேக்கிள் இரண்டு. இரும்பு ஷேக்கிள்தான் வேண்டும் என்றால், உடம்பில் 4.75 டன் என்று புடைப்பாக அச்சிட்டது. எழுத்தே இல்லாத ஷேக்கிள் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். அது கிணற்று மோட்டார் தூக்க. இரும்பு ஷேக்கிளின் பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் தளர்த்துங்கள், இல்லையென்றால் இழுத்து முடித்தபின் இறுகிக்கொண்டு கழற்ற வராது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு நனைந்த கோணியோ கனமான போர்வையோ போடுங்கள். அறுந்தால் வேகம் தணியும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது, வீடியோ எடுக்கும் மச்சான் உட்பட.

அப்புறம் ஒரு மம்பட்டி. கயிற்றை மாட்டுவதற்கு முன் சக்கரத்துக்கு முன்னாலும் அடிவயிற்றுக்குக் கீழும் மண்ணை வாரிவிட்டால், பாதிச் சமயம் கயிறே தேவைப்படாது. அந்தப் பள்ளத்தில் சக்கரத்துக்குப் பிடி கொடுக்கும் இரண்டு டிராக்‌ஷன் போர்டைச் செருகினால் தனி ஆளாகவே வெளியே வந்துவிடலாம். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி தடித்த பிளைவுட் துண்டு. சேற்றில் வெறும் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கி இறங்கும். ஒரு முதலுதவிப் பெட்டி, 1 கிலோ தீயணைப்பான், கனமான கையுறை.  வண்டியை விற்றாலும் இவை உங்களோடு அடுத்த வண்டிக்கு வரும்.

3. டயர்

இதுதான் வண்டியின் குணத்தையே மாற்றும் மாற்றம். ஆனால் அவசரப்பட வேண்டியதில்லை. தாரின் 18 இன்ச் வகையில் கம்பெனியே 255/65 அளவில் ஏடி (ஆல்-டெரெய்ன்) டயர் கொடுக்கிறது. அது தேயும்வரை ஓட்டிவிட்டு மாற்றுங்கள். ஜிம்னியில் வருவது 195/80 ஆர்15 அளவில் ரோட்டுக்கான ஹெச்டி டயர்; சேற்றில் அதன் இடுக்குகள் உடனே அடைத்துக்கொள்ளும். அங்கே மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஏடியா, எம்டியா? ஏடி ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொது. எம்டி சேற்றுக்கென்றே செய்தது: பெரிய கட்டைகள், அகலமான இடைவெளி, சேற்றைத் தானே உதறும். சேலம் ஹைவேயில் 100-இல் போகும்போது அது ஓயாமல் ஊளையிடும், மழையில் பிரேக் தூரம் கூடும், மைலேஜ் இறங்கும். பெங்களூரில் இருந்துகொண்டு ஊருக்குப் போய்வரும் வண்டிக்கு ஏடி போதும். மழைக்காலத்தில் மாதம் தவறாமல் சக்லேஷ்பூர் போகிறவர், அதற்கென்று இன்னொரு செட் ரிம் வைத்துக்கொள்ள இடமும் பணமும் உள்ளவர் எம்டியை யோசிக்கலாம்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 195/80 ஆர்15 என்றால் அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், அதாவது 156. இரண்டு பக்கம் 312, ரிம் 381, மொத்த உயரம் 693. பலரும் மாற்றும் 215/75 ஆர்15-ஐப் பாருங்கள்: 703 சொச்சம். பத்து மில்லிமீட்டர் கூடினால் அச்சு உயர்வது அதில் பாதி, வெறும் ஐந்து. அகலமும் கவ்வும் பிடியும்தான் இங்கே லாபம். சரி, 235/75 ஆர்15 போட்டால்? 733. அச்சு 20 மில்லிமீட்டர் உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிட 6 சதவீதம் வரை குறைத்துச் சொல்லத் தொடங்கும், முழுக்கத் திருப்பினால் டயர் உரசலாம். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அந்தக் கனத்தைச் சுழற்ற மூச்சு வாங்கும். மலையேற்றத்தில் ஒரு கியர் கீழே போக வேண்டியிருக்கும். என் கட்சி, கம்பெனி அளவிலோ அதற்கு அடுத்த படியிலோ நிறுத்திக்கொள்வது.

மொத்தம் ஐந்து டயர் வாங்க வேண்டும். ஸ்டெப்னி பழைய அளவில் தொங்கினால், காட்டுப் பாதையில் மாற்றி மாட்டும்போது நான்கில் ஒன்று சின்னதாகும். ஃபோர்-வீலில் அது டிஃபரன்ஷியலுக்குக் கேடு. பெரிய ஸ்டெப்னி பின்கதவுக் கீலையும் இழுக்கும், மாட்டிய சில வாரத்தில் கதவு இறங்குகிறதா என்று பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் பளுவின் குறியீடு), தயாரிப்பு வாரம், வருடம் இரண்டையும் கடையிலேயே படித்துவிடுங்கள்.

4. அடிவயிற்றுக்குக் கவசம்

பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும். ஆயில் சேம்பர், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பெட்ரோல் டேங்க் இவற்றில் எதற்குக் கம்பெனி தகடு இருக்கிறது, எதற்கு இல்லை என்று லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். ஸ்கிட் பிளேட் சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் போல்ட் ஆக வேண்டும். வெல்டிங் என்று சொன்னால் கிளம்பிவிடுங்கள். ஆயில் வடிக்கும் ஓட்டையும் காற்று போக வழியும் இருக்க வேண்டும். பக்கவாட்டில், கதவுகளுக்குக் கீழே கல்லைத் தாங்கும் ராக் ஸ்லைடர் போட்டால், சேசிஸில் இணைவதுதான் ராக் ஸ்லைடர். பாடியில் மாட்டுவது வெறும் ஃபுட்-ஸ்டெப். கல்லில் தட்டினால் கதவு அடியை நசுக்குவதே அதுவாக இருக்கும்.

தள்ளிப்போட வேண்டியவை

லிஃப்ட் கிட். பாடி உயரும், அச்சு அதே இடத்தில்தான் இருக்கும். பின் டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. தாரில் முன்பக்கம் இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷன், அதனால் உயர்த்தினால் ஆக்ஸில் மூட்டுகள் சாய்வாக வேலை செய்து, அவற்றை மூடும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். ஜிம்னியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில். உயர்த்தினால் அச்சு ஒரு பக்கமாக நகரும், அதைச் சரிக்கட்ட வேறு சாமான்கள் வாங்க வேண்டும். ஹைவேயில் வளைவில் சாய்வு கூடுவது தனி. மேலே கேரியரும் ஏற்றிவிட்டால் மால் பேஸ்மென்ட் வாசலில் தொங்கும் உயரக் கம்பியில் கேரியர் இடிக்கும்.

வின்ச். மோட்டாரால் கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி. அளவு, வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு. முழுப் பளுவில் 400 ஆம்பியர் வரை பாட்டரியை உறிஞ்சும். பெட்டியில் போட்டிருக்கும் இழுவைத் திறன் உருளையை ஒட்டிய முதல் அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான். கயிறு நிறையச் சுற்றியிருந்தால் குறையும். தனியாகப் போகிறவருக்கு இது அருமையான கருவி. இரண்டு மூன்று வண்டியாகப் போகிற புதியவருக்கு கைனடிக் ரோப் போதும்.

ஸ்னார்க்கல். இன்ஜினுக்குப் போகும் காற்றை மேலிருந்து எடுக்கும், அவ்வளவே. வயரிங்குக்கோ ஆல்டர்நேட்டருக்கோ அது காவல் இல்லை. கூர்காவில் கம்பெனியே கொடுக்கிறது. தாரின் 650 மில்லிமீட்டர் நீராழத்துக்குள் நடந்து பார்த்துவிட்டு இறங்குபவருக்கு அவசரமில்லை.

லைட் பார். பொது ரோட்டில் எரியவிடக் கூடாது. கண் கூசும் எல்இடி விளக்குகளுக்கு எதிராகக் கர்நாடக போலீஸ் 2024 ஜூலையிலிருந்து தனியாகவே வழக்குப் போட்டது.

ஆர்டிஓவும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி எதையும் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. முன்னால் மாட்டும் புல் பார்களை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்துபோகிறவர் மேல் மோதினால் கொன்றுவிடும், ஏர்பேக் சென்சார் வேலையையும் கெடுக்கலாம் என்பதால். மேலே சொன்ன வரிசையைப் பாருங்கள்: காற்று, கயிறு இரண்டும் வண்டியில் நிரந்தரமாக ஒட்டாதவை, டயரில் அந்த மாடலுக்குக் கம்பெனி தரும் அளவுக்குள் இருந்தால் வம்பில்லை. லிஃப்டும் பம்பரும்தான் சிக்கல்.

எதை மாட்டினாலும் பில்லை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் கிளெய்ம் நேரத்தில்தான் வெளியே வரும். வயரை வெட்டி இணைத்தால் வாரண்டி போகும். ரிலே, ஃப்யூஸ், கப்ளர் வைத்துச் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் எலக்ட்ரிக்கல் வேலையைக் கொடுங்கள்.

மாட்டிய பிறகு

டயர் மாற்றினால் அலைன்மென்ட் பார்த்து, 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். ஸ்கிட் பிளேட் போல்ட்டுகளுக்கும் அதே விதி. சேற்றிலிருந்து திரும்பிய அன்றே ரேடியேட்டர் முகத்திலும் பிரேக்கிலும் ஒட்டிய மண்ணைக் குறைந்த பிரஷர் தண்ணீரில் கழுவுங்கள், காய்ந்தால் சிமெண்ட்தான். ஓடையில் அச்சு மூழ்கியிருந்தால், அடுத்த வாரத்துக்குள் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரலால் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். தெளிந்த தேன் நிறமோ கருமையோ இருந்தால் மூடிவிடலாம். வெளிறிப் பால் கலந்தது மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது; ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஆயிலை மாற்றிவிட்டு, மேலே காற்று விடும் பிரீதர் குழாயை நீட்டிப் போடச் சொல்லுங்கள்.